இரண்டு குவியல்களுக்கு நடுவே ஒரு வழி

மூன்று வருடங்களுக்கு முன்பு, குறுவை அறுப்பு முடிகிற சமயம். மன்னார்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், வாய்க்கால் கரையோடு போகும் ஒரு சின்னத் தார்ச்சாலையில் நடந்தது இது. அந்தச் சாலையின் கடைசியில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்கிற ஊர் அது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான் என்றாலும், ஸ்கூட்டர் வாங்கிய பிறகு எதற்கும் யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த வாரம் எட்டாம் வகுப்புக்குக் கன உருவங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டகம் என்று சொன்னால் பிள்ளைகள் முழிப்பார்கள். முன்பெல்லாம் வைக்கோல் போரைக் காட்டி, அதுதான் முக்கோணப் பட்டகம் என்பேன். இப்போது மிஷின் வந்து வைக்கோலை உருட்டி உருட்டிக் கட்டிப்போட்டுவிடுகிறது. பட்டகத்துக்கு இருந்த உதாரணம் உருளைக்குப் போய்விட்டது. அதனால் நான் நெல் குவியலுக்கு மாறிவிட்டேன். ஈரம் போவதற்காக நெல்லை ரோட்டில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் நீளவாக்கில் கூட்டிக் குவிப்பார்கள் அல்லவா, அதுதான். இரண்டு பக்கமும் சரிவு, மேலே ஒரு கூர், அடியில் தார்ரோடு. எந்தப் பாடப்புத்தகத்துப் படமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

போர்டில் படம் வரைந்ததும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது என் பழக்கம். அன்று காலையும் அப்படித்தான் போய் நின்றேன். போர்டில் இரண்டு பட்டகங்கள் இருந்தன.

“யாருப்பா அது, பக்கத்துல இன்னொண்ணு வரைஞ்சது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். கிட்டே வந்து பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்புக் காலத்தில் கண்ணுக்கு என்ன வந்தாலும் அது நெல் சுணைதான். அறுக்கிற மிஷின் ஊரெல்லாம் தூசியைக் கிளப்பிவிடுவதால், கண் சிவந்தாலும் கலங்கினாலும் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சரும் அதையே சொன்னார். பள்ளி வாசலில் இருந்த நந்தியாவட்டைச் செடியிலிருந்து பூவைப் பறித்துவந்து, மதியச் சாப்பாட்டு வேளையில் என் கண்மேல் வைத்து, பெஞ்சில் படுக்கவும் வைத்தார். குளுகுளுவென்று சுகமாக இருந்தது. கிட்டே இருப்பது எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. நோட்டுத் திருத்த ஒரு கஷ்டமும் இல்லை. தூரத்தில் இருப்பதுதான் இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பள்ளி விட்டதும் ஸ்கூட்டரை எடுத்தேன். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் வீடு போய்விட வேண்டும் என்ற அவசரம். ரோடு நெடுக நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவு திரும்பியதும், கொஞ்ச தூரத்தில் பெரிய குவியல் ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் தாராளமாக வழி இருந்தது. நான் அந்த வழியில் போனேன்.

நெருங்க நெருங்க வழி குறுகிக்கொண்டே வந்தது. குவியல் எங்காவது நகருமா என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டியோடு நெல்லுக்குள் புகுந்துவிட்டேன். நல்லவேளை, நெல் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. ஒரு சிராய்ப்புகூட இல்லை. வாயிலும் காதிலும் நெல். எழுந்து பார்த்தால், குவியலுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. குவியல் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் வண்டி நேராக அதில்தான் இறங்கியிருக்கும்.

நெல் தள்ளும் பலகையைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்மணி ஓடிவந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார்.

“கண்ணு தெரியலையா உனக்கு? பாதி ரோட்ட காலியா விட்டுட்டுத்தானே குமிச்சு வச்சிருக்கேன். அதுல போறதுக்கென்ன? நாள் பூரா காயவச்ச நெல்லு, இப்படி இறைச்சு வச்சிருக்கியே.”

“நடுவுல வழி இருந்துச்சுக்கா. அதுலதான் வந்தேன்.”

“எதுக்கு நடுவுல?”

“ரெண்டு அம்பாரத்துக்கும் நடுவுல.”

அவர் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டு நின்றுவிட்டது. தள்ளி நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளைக் காட்டி, அது எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து சுணை சுணை என்று சொல்லி மூடி வைத்திருந்த பயம் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

அவர் வண்டியைக் குவியலிலிருந்து இழுத்து நிறுத்தினார். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“இனிமே நீங்க இதை ஓட்டக் கூடாது. ஒண்ணா தெரியறப்ப வந்து வாங்கிக்குங்க.”

ரோட்டில் விழுந்தவளுக்குக் கோபம் வரலாமா? எனக்கு வந்தது. யாரோ ஒருவர் என் வண்டிச் சாவியைப் பிடுங்குவதாவது. “அது என் வண்டிக்கா, குடுத்துடுங்க” என்று கையை நீட்டினேன்.

“வண்டி உங்களுதுதான் டீச்சர். வாய்க்கா எங்க ஊருது” என்றார். தினமும் அந்த வழியே போகிறவளை அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவரை அதற்கு முன்பு பார்த்ததாக நினைவில்லை.

அதற்குள் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. நான் சிதறடித்த நெல் ரோடு முழுக்கக் கிடந்தது. எந்த நிமிஷமும் மழை வரலாம். அவருடைய கணவர் கொள்முதல் நிலையத்தில் வரிசைக்காகக் காத்திருந்தார். அப்படியிருந்தும் அந்த வழியே வந்த ஒரு லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, என்னை முன்னால் உட்காரவைத்து, தானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரோட்டில் கொஞ்சம் தள்ளித் தன் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தவரிடம், “அண்ணே, நம்ம நெல்லையும் பார்த்துக்குங்க, டீச்சரை ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன்” என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். ஆட்டோ கிளம்பிவிட்டது.

எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் இரண்டு இரண்டாக வந்தது. எது நிஜம், எது இல்லாதது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மூளையில் கட்டியாக இருக்கும் என்று மனம் போனபோக்கில் போயிற்று. மகள் கல்யாணம்வரை யோசித்துவிட்டேன்.

மன்னார்குடியில் ஒரு சின்னக் கண் மருத்துவமனை. டாக்டர் இளம்பெண். என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். பேனாவைக் காட்டி இங்கே பார், அங்கே பார் என்றார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். மூடினால் எல்லாம் ஒன்றாகிவிட்டது. இடது பக்கம் பார்க்கச் சொன்னபோது, என் இடது கண் பாதி வழியிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?”

“ஞாபகம் வர்றப்ப சாப்பிடுவேன்.”

“கண்ணைத் திருப்பற நரம்பு ஒண்ணு இருக்கு. அதுக்கு ரத்தம் சரியா போகல. அனேகமா சர்க்கரையாலதான். எதுக்கும் நாளைக்குத் தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். “தார்ப்பாய் போட்டாச்சா? ஓரத்துல கல்லு வச்சீங்களா?” என்று கேட்பது உள்ளே கேட்டது. ஈரம் ஏறினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். என்னால் அவருடைய ஒரு வெள்ளாமையே போய்விடுமோ என்று நினைத்தபோது, கண்ணைவிட அதுதான் பெரிதாக வலித்தது.

அவர் திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

“நாலு பேர் சேர்ந்து அள்ளிக் குமிச்சு மூடிட்டாங்களாம். நீங்க இறைச்சதைக்கூடக் கூட்டிட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க டீச்சர்.”

நான் மறுபடியும் அழுதேன். அன்றைக்கு என் கண்ணுக்கு அதுதான் வேலையாக இருந்தது.

மறுநாள் திருச்சியிலிருந்து ஓடிவந்த மகளோடு தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ஒன்றும் இல்லை. அதை வைத்து அறிவியல் டீச்சர் இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார். ஸ்கேனைப் பார்த்த மன்னார்குடிக் கண் டாக்டர், நரம்பு மெல்ல மெல்லத் தானாகத் திரும்பிவிடும், சில மாதங்கள் ஆகும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் போதும் என்றார். அதுவரைக்கும் எல்லாம் இரண்டாகத்தான் தெரியுமா என்று கேட்டேன்.

“கண்ணு திரும்ப மாட்டேங்குது. அதைக் கட்டாயப்படுத்த வேணாம். நாம வெளிச்சத்தைத் திருப்பிடுவோம்” என்றார்.

ஒரு கண்ணாடியை எடுத்து, அதன் இடது பக்கத்தில் ஒளி புகும் மெல்லிய தாள் ஒன்றை வெட்டி ஒட்டினார். அதில் தலைமயிர் அளவுக்குக் கோடுகள் ஓடின. இது என்ன மேடம் என்றேன். பிரிசம் என்றார். எனக்கு உடனே வாத்தியார் புத்தி.

“பட்டகமா? பட்டகம்னா கட்டையா, மூணு பட்டையோட இருக்கணுமே மேடம்.”

அவர் சிரித்துவிட்டுப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தார். அதன் வழியே பார்த்தேன். ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி முக்கோணப் பட்டகம். ஒன்றை ஒட்டி ஒன்று, ஒன்றை ஒட்டி ஒன்று, வரிசையாகப் படுத்திருந்தன. அறுப்புக் காலத்தில் எங்கள் ரோட்டில் நெல்லைக் குவித்துக் குவித்து வைத்திருக்கும் மாதிரியே இருந்தது. ஒளி ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து, கொஞ்சம் வளைந்து, என் கண் நிற்கிற இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும் என்றார்.

எத்தனையோ வருடமாக அடிப்பரப்பு இன்ட்டு உயரம் என்று சொல்லிக்கொடுத்து வருகிறவள் நான். ஒரு பட்டகத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதுதான் எனக்குத் தெரியும். அதன் வழியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பது பக்கத்து வகுப்புப் பாடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு தென்னை மரம். ஒரே ஒரு தென்னை மரம். அவ்வளவு அழகான மரத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

டாக்டர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டவே கூடாது என்றது காதில் விழுந்தது. பிறகு ஒரு நாள் இந்தக் கண்ணாடியே என்னமோ செய்யும், பயப்படாதீர்கள் என்று ஏதோ சொன்னார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பஸ் பயணம்தான். கண்ணாடியில் ஒரு வேடிக்கை உண்டு. வெளுப்பாக எது இருந்தாலும் அதன் ஓரத்தில் மெல்லிய வானவில் கட்டியிருக்கும். தலைமை ஆசிரியரின் வெள்ளை வேட்டிக்குத் தினம் ஒரு கலர் பார்டர். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. பஸ் அந்த அக்காவின் வீட்டைத் தாண்டும்போது, வாசலில் நிற்கும் அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். நானும் ஒரு விரலைக் காட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டுவார். கழற்றினால் இரண்டு அக்கா நிற்பார்கள். இரண்டு விரலைக் காட்டுவேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். கண்டக்டருக்கு எங்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்ததோ தெரியாது.

குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நடவு தொடங்கியதும் அவர் விடிந்தும் விடியாமல் வயலுக்குப் போய்விட்டார். சைகை நின்றது. நானும் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உலகம் இரண்டாகப் பிரிவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தூங்கி எழுந்ததும் கண்ணைத் திறப்பதற்கு முன் தலையணைக்குப் பக்கத்தில் தடவி மாட்டிக்கொள்வேன். முகம் கழுவும்போதுகூடக் கண்ணை மூடியபடிதான்.

கணவர் வீடியோவில் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டார். “பொங்கல் வரைக்கும் பாரு. சரியாகலைன்னா லீவு போட்டுட்டு இங்க வந்துடு. பஸ்சுக்கும் ரோட்டுக்கும் நீ தனியா அல்லாடறது எனக்குத் தாங்கல” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பு, என் ரோடு, என் ஸ்கூட்டர் எல்லாம் அதோடு முடிந்துவிடும். பொங்கல் வந்தது, போயிற்று. தலைமை ஆசிரியரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நாட்களைத் தள்ளினேன்.

தை மாதக் கடைசியில், தேர்வுக்காகப் பழைய பாடத்தை மறுபடி நடத்தினேன். கொஞ்ச நாளாகவே கண்ணாடியில் ஏதோ கலங்கல். தாளில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருந்தேன். அன்று போர்டில் முக்கோணப் பட்டகம் வரைந்துவிட்டு, வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று திரும்பினேன். இரண்டு பட்டகங்கள்.

கண்ணாடி போட்டும் இரண்டு. நோய் முற்றிவிட்டது, இனி எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன். அப்படியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று எவ்வளவோ பிடித்துப் பார்த்தும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

போர்டில் ஒரே ஒரு பட்டகம் இருந்தது.

துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்றுதான். கண்ணாடியை மாட்டினேன். இரண்டு. கழற்றினேன். ஒன்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“எத்தனை பட்டகம்மா வரைஞ்சிருக்கேன்?” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“ஒண்ணுதான் டீச்சர்” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வராந்தாவுக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“இதைத்தானேம்மா அன்னிக்கே சொன்னேன். நரம்பு வேலைக்கு வந்துடுச்சு. கண்ணு தானா திரும்புது. இப்பவும் தாள் வெளிச்சத்தைத் திருப்பிகிட்டே இருந்தா ரெண்டாதான் தெரியும். நாளைக்கு வாங்க, உரிச்சுடலாம்.”

மறுநாள் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, தாளை உரித்து என் கையிலேயே கொடுத்தார். வண்டி ஓட்டலாம் என்றும் சொன்னார். அங்கிருந்து நேராகப் பஸ் பிடித்து அந்த அக்காவின் ஊரில் இறங்கினேன். அங்கங்கே சம்பா, தாளடி அறுப்பு தொடங்கியிருந்தது. அதே இடத்தில், அதே மாதிரி நீளமாக நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். பழைய ஞாபகத்தில் ஒரு விரலைத் தூக்கினார். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். பலகையைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கண்ணாடி எங்க?”

“கழட்டியாச்சுக்கா.”

“அம்பாரம் எத்தனை?”

“ஒண்ணு.”

“வழி எங்க இருக்கு, காட்டுங்க.”

குவியலுக்கு இடதுபுறம் அவர் காலியாக விட்டிருந்த பாதி ரோட்டைக் காட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஸ்கூட்டர் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் மூடி நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அவருடைய கணவர் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாராம். துடைத்துப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டதாக அக்கா வருத்தப்பட்டார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் நெல் தூசி.

அந்தத் தாளை இப்போதும் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். பட்டகம் நடத்தும்போது அது கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றி வரும். பிள்ளைகள் ஒரு கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஜன்னல் நகர்ந்துவிட்டது என்று கூச்சல் போடுவார்கள். மாத்திரையும் இப்போது ஞாபகமாகச் சாப்பிடுகிறேன். அதோடு ஒரு பழக்கமும் சேர்ந்துவிட்டது. யாராவது என்னைப் பார்த்து உரத்த குரலில் நில்லு என்றால், முன்பு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை, முதலில் நின்றுவிட்டு அப்புறம்தான் காரணம் கேட்கிறேன்.